திருப்பி அனுப்பிய லோடும் திரும்பி வந்த வாடிக்கையாளரும்

ரத்துக் கடிதம் நான்கே வரி. 30 நாள் முன்னறிவிப்பு தருகிறோம், அதன் பிறகு உங்கள் வண்டி வர வேண்டாம், இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி, கீழே கிடங்கு மேலாளரின் கையெழுத்து. விலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

நான் ஒரு மறுசுழற்சி நிறுவனத்தில் சேகரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். எந்த வண்டி எங்கே போக வேண்டும், யார்டுக்கு, அதாவது கழிவைப் பிரித்துக் கட்டும் எங்கள் இடத்துக்கு, வந்த லோடு தரமாக இருக்கிறதா, புகாருக்கு யார் பதில் சொல்வது என்பதெல்லாம் என் பொறுப்பு. வாடிக்கையாளரைப் பிடிப்பதும் வைத்துக்கொள்வதும் விற்பனைப் பிரிவின் வேலை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படி மாறியது என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயர்களைச் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் யார்

பெரிய சரக்குக் கிடங்கு. இரவும் பகலும் சரக்கு வந்து இறங்கி, பிரிந்து, மறுபடி கட்டப்பட்டு வெளியே போகும் இடம். அங்கே சேரும் கழிவில் பெரும்பங்கு அட்டைப்பெட்டி. அடுத்தது பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் பலகையை, அதன் மேல் இருக்கும் சரக்கோடு சுற்றி வரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதாவது ஸ்ட்ரெட்ச் ஃபிலிம். அப்புறம் கட்டுப் பட்டைகள், உடைந்த பேலட்டுகள், அலுவலகத் தாள். இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை எங்கள் வண்டி போய் எடுத்து வந்தது. அட்டைக்கும் ஃபிலிமுக்கும் நாங்கள் பணம் கொடுப்போம், வண்டிக்கும் பின்களுக்கும் (கழிவு போட நாங்கள் வைக்கும் பெரிய தொட்டிகள்) அவர்கள் எங்களுக்குக் கட்டணம் தருவார்கள். மாதக் கடைசியில் இரண்டையும் கழித்து ஒரே பில்.

கடிதத்தைப் பார்த்ததும் விற்பனைப் பிரிவு சொன்னது, "வேற யாரோ அதிக ரேட் சொல்லியிருப்பாங்க. நாமளும் கொஞ்சம் ஏத்திக் கொடுத்தா நிப்பாங்க." அப்படியும் இருக்கலாம். ஆனால் ரேட்டுக்காகப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பேரம் பேசுவார்கள், சொல்லாமல் கடிதம் அனுப்ப மாட்டார்கள். ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினேன்.

எங்கள் பதிவேடு சொன்னது

முதல் இரண்டு நாள் அந்தக் கிடங்குக்குப் போகவே இல்லை. எங்கள் பதிவேடுகளைத்தான் எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் 39 முறை வண்டி போயிருந்தது. அதில் 7 லோடுக்கு யார்டில் "ஈரம்" என்று எழுதி எடையில் கழித்திருந்தார்கள். 4 லோடுக்கு "கலப்படம்" என்று எழுதி ஒரு தரம் குறைத்திருந்தார்கள். இந்த 11 கழிவும் வாடிக்கையாளருக்குத் தெரிய வந்தது மாதக் கடைசி பில்லில், ஒரே வரியாக, "தரக் கழிவு" என்று, அதாவது தரம் குறைந்ததற்காகக் கழித்த தொகை.

கழித்தது தவறல்ல. காகித ஆலை அட்டையை எடைக்குத்தான் வாங்குகிறது, தண்ணீரின் எடைக்கு ஏன் பணம் தர வேண்டும்? ஐரோப்பாவில் பழைய தாளுக்கான இஎன் 643 தர நிர்ணயத்தில், ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டினால் தாண்டிய எடையைக் கழித்துக் கேட்கலாம் என்றே இருக்கிறது. கலப்படத்துக்கு வந்த கெடுபிடி இன்னும் பெரியது. 2018இன் தொடக்கத்தில் சீனா 24 வகைக் கழிவுகளின் இறக்குமதியை நிறுத்தியது. அந்த மார்ச் முதல், தொடர்ந்து வாங்கிய பழைய தாள் வகைகளில் வேற்றுப் பொருள் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. ஒரு டன்னில் 5 கிலோ! அதுவரை கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்கள் இல்லாமல் போகவும், தேங்கிய சரக்குக்கு நடுவே மற்ற நாட்டு ஆலைகள் தரம் பார்த்துப் பொறுக்கி வாங்க ஆரம்பித்தன. எங்கள் ஒப்பந்தத்தில் தரக் கழிவு பற்றிய வரி நுழைந்ததும் அந்தக் காற்று அடித்த பிறகுதான்.

ஆக, கழித்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. கிடங்கிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைத் தேடினேன். ஆறு முறை அழைத்திருக்கிறார்கள். நான்கு முறை "சொல்றோம்" என்று பதில் போயிருக்கிறது. இரண்டு முறை அழைப்பை எடுத்தது யார் என்றே தெரியவில்லை. ஒன்றுகூட என் மேசைக்கு வரவில்லை. அந்த மூன்று மாதத்தில் அந்தத் தடத்துக்கு மூன்று ஓட்டுநர்களை மாற்றி அனுப்பியிருந்தேன். அது நானே செய்தது. விடுப்பில் போனவருக்குப் பதில் ஆள் போட்டேன், திரும்பி வந்தவரை வேறு தடத்துக்கு மாற்றினேன். எனக்கு அது அட்டவணையில் ஒரு திருத்தம். அவர்களுக்கோ, பழகிய முகம் ஒன்று காணாமல் போனது.

கிடங்கில் பார்த்தது

மூன்றாம் நாள் போனேன். கிடங்கு மேலாளர் உட்காரச் சொன்னார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. "மேடம், ரேட் பேச வரலை. என்ன நடந்ததுன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். பத்து நிமிடம் அவர்தான் பேசினார். நான் குறித்துக்கொண்டேன், ஒரு இடத்தில்கூட மறுத்துப் பேசவில்லை. மறுக்க வேண்டும் என்று இரண்டு மூன்று முறை நாக்கு நுனி வரை வந்தது.

அவர் சொன்னதில் ஒரு கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "ஆலைல எப்படியும் அட்டையைத் தண்ணில ஊறப்போட்டுத்தான் கரைக்கப் போறாங்க. அப்புறம் எங்க அட்டை நனைஞ்சிருந்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?" நல்ல கேள்வி. அதற்கு எங்கள் ஆட்களில் ஒருவரும் அதுவரை பதில் சொன்னதில்லை. எடைக் கணக்கைச் சொன்னேன். நனைந்த அட்டையைப் பேலாக, அதாவது பெரிய பொதியாக, இறுக்கிக் கட்டினால் நடுவில் இருக்கும் ஈரம் வெளியேற வழி கிடையாது. பூஞ்சை பிடிக்கும், நார் நலிந்துபோகும், அந்த நாரில் செய்த புது அட்டை வலுவாக இருக்காது. ஆலையில் கரைப்பது நிமிடக் கணக்கு. பேலுக்குள் ஈரத்தோடு கிடப்பதோ வாரக் கணக்கு. அவர் தலையாட்டிவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எங்க ஆளுங்களுக்குச் சொல்லியிருப்பேனே" என்றார்.

அதற்குப் பிறகு இருவரும் சரக்கு இறக்கும் மேடைக்குப் பின்பக்கம் போனோம். எங்கள் 1,100 லிட்டர் பின்கள் ஆறு, சுவரோரம் வரிசையாக நின்றன. நான்காவது பின்னில் மூடி ஒரு பக்கம் கீல் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தேன். கூரைத் தகடு முடிகிற விளிம்பு நேராக அந்தப் பின்னுக்கு மேலே. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் மொத்தமும் அதற்குள்தான் இறங்கும். உள்ளே கையை விட்டேன். மேலே இருந்த அட்டை காய்ந்திருந்தது. முழங்கை ஆழத்தில் சொதசொதவென்று கைக்கு வந்தது, பிடித்து இழுத்ததும் அடுக்கடுக்காகப் பிரிந்து விரலில் ஒட்டியது.

பின் எங்களுடையது, மூடியும் எங்களுடையது. பராமரிப்பு எங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எங்கள் மூடி உடைந்ததால் நனைந்த அட்டைக்கு அவர்களிடம் எடை கழித்துக்கொண்டிருந்தோம்.

யார்டுக்குத் திரும்பி ஓட்டுநரைக் கேட்டேன். "அண்ணே, நான் ரெண்டு தடவை சொன்னேன். எழுதிக் கொடுன்னாங்க. எந்த ஃபாரத்துல எழுதறதுன்னு தெரியலை, விட்டுட்டேன்." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்படி ஒரு ஃபாரம் எங்களிடம் இல்லவே இல்லை.

அன்றே செய்தது, பிறகு செய்தது

அன்று மாலையே மூடி மாற்றப்பட்டது, பின்கள் கூரை விளிம்பிலிருந்து தள்ளி வைக்கப்பட்டன. ஈரத்துக்காக ஏழு லோடில் கழித்த பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று கணக்குப் பிரிவிடம் கேட்டேன். "ஏழுமே நம்ம மூடியாலதான்னு என்ன நிச்சயம்?" என்றார்கள். நியாயமான கேள்விதான். ஒன்றிரண்டு வேறு காரணத்தாலும் நனைந்திருக்கலாம். ஆனால் எது எங்களால், எது அவர்களால் என்று காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. காட்ட முடியாததைக் கழிக்கவும் உரிமை இல்லை என்று நின்றேன். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு ஏழுக்கும் பணம் போயிற்று. கூடவே, தவறு எங்களுடையது என்று நேராகச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம். "தவிர்க்க இயலாத சூழலால் ஏற்பட்ட அசௌகரியம்" என்று விற்பனைப் பிரிவு எழுதிக்கொடுத்த வரியை எடுத்துவிட்டு, "எங்கள் பின்னின் மூடி உடைந்திருந்தது, நாங்கள் கவனிக்கவில்லை" என்று எழுதினேன்.

கடிதத்துக்குப் பிறகு மேலாளர் ரத்தை நிறுத்தவில்லை, மூன்று மாதம் தள்ளி வைத்தார். அந்த மூன்று மாதத்தில் செய்தவைதான் இப்போது எங்கள் எல்லாத் தடங்களிலும் நடக்கின்றன.

பின்னைத் தூக்கும் முன் ஓட்டுநர் மூடியைத் திறந்து ஒரு படம் எடுப்பார். நனைந்தோ கலந்தோ இருந்தால் அங்கேயே எனக்கு அனுப்புவார். அன்று பொழுது சாய்வதற்குள் நான் அழைத்துச் சொல்லிவிடுவேன். அழைத்துச் சொல்லாத கழிவு பில்லில் ஏறக் கூடாது என்று கணக்குப் பிரிவோடு எழுத்தில் முடிவு செய்தோம். கெட்ட செய்தியை முதலில் நாம் சொன்னால் அவர்கள் கோபப்படுவது ஒரு நாள். பில்லில் அவர்களாகக் கண்டுபிடித்தால் அது மாதக்கணக்கில் மனதில் கிடக்கும். இதை நான் ஒவ்வொரு ஓட்டுநரிடமும் சொல்கிறேன், ஏனென்றால் வாடிக்கையாளர் வாரத்துக்கு மூன்று முறை பார்ப்பது அவர்களைத்தான். அந்தத் தடத்துக்குப் பழைய ஓட்டுநரையே நிரந்தரமாகப் போட்டேன்.

கலப்படம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இரவு ஷிஃப்டில் ஒரு நாள் உட்கார வேண்டியிருந்தது. பகலில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இரவு பதினொன்றுக்கு மேல் துப்புரவுப் பணியாளர்கள் ஒரே கறுப்புப் பையில் ஃபிலிம், பட்டை, துடைத்த தாள், மிச்சச் சாப்பாடு எல்லாவற்றையும் அள்ளி, கைக்கு எட்டிய பின்னில் போட்டார்கள். கைக்கு எட்டியது அட்டைப் பின். அவர்களின் குழுத்தலைவியிடம் பேசினேன். "அக்கா, இதை ஏன் ஃபிலிம் பின்ல போடலை?" அவர் கையை நீட்டிக் காட்டினார். ஃபிலிம் பின் கிடங்கின் மறுகோடியில். நடந்து எண்ணினேன், 140 அடி வைத்தேன். "ஒரு ராத்திரிக்கு முப்பது நாப்பது பை சார். அங்க போய் வந்தா வேலை முடியாது. எந்தப் பொட்டி எதுக்குன்னும் எங்ககிட்ட யாரும் சொல்லலை."

ஃபிலிம் பின்னை அவர்கள் வேலை முடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். பின்களில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை, அது வேறு மொழி. ஒவ்வொரு பின்னுக்கு மேலும் ஒரு பலகை அடித்து, அதில் உண்மையான ஃபிலிம் துண்டையும் உண்மையான பட்டையையும் மடித்த அட்டையையுமே கட்டித் தொங்கவிட்டோம். அதற்கு ஆன செலவு அற்பம். நான் செய்த எல்லாவற்றிலும் அதிகம் பலன் தந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, எங்கள் வருமானத்தைக் குறைத்தது. பெட்டிகளை மடிக்காமல் அப்படியே போட்டதால் பின்கள் சீக்கிரம் நிரம்பின. வாரம் மூன்று நடை வண்டி சுமந்ததில் பாதிக்கு மேல் காற்று. பெட்டியை மடித்துப் போட்டால் இரண்டு நடை போதும் என்று மேலாளரிடம் நானே சொன்னேன். எங்கள் நிறுவனத்தில் இதற்கு எனக்குப் பாராட்டு கிடைக்கவில்லை. ஒரு நடைக்கான கட்டணம் போயிற்றே! ஆனால் அந்த நடையில் எரிந்த டீசலும் ஓட்டுநரின் நேரமும் மிச்சமாகி, அந்த நேரத்தில் வேறொரு இடத்துக்கு வண்டி போனது. மேலாளர் அன்று முதல்முறையாக என்னிடம் சிரித்துப் பேசினார்.

பேட்டரி

மூன்று மாதத்தின் நடுவே ஒரு நாள் ஓட்டுநர் அனுப்பிய படத்தில் அட்டைகளுக்கு இடையே கைபேசி அளவில் கறுப்பாக ஒரு பொருள். பெரிதாக்கிப் பார்த்தேன். கிடங்கில் பார்கோடு படிக்கும் கருவியின் லித்தியம் பேட்டரி, வயிறு உப்பியிருந்தது. வண்டியில் இருக்கும் அழுத்தியிலோ யார்டில் பேல் கட்டும் இயந்திரத்திலோ அது மாட்டி நசுங்கியிருந்தால் உள்ளுக்குள் மின்முனைகள் தொட்டுக்கொண்டு தீப்பிடிக்கும். சுற்றிலும் காய்ந்த அட்டை. மறுசுழற்சி யார்டுகளிலும் குப்பை வண்டிகளிலும் பிடிக்கும் தீக்குப் பல நாடுகளில் இந்த பேட்டரிகள் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

பின்னைத் தொடாமல் ஓட்டுநர் அங்கேயே நின்றார். கிடங்கின் பாதுகாப்பு அலுவலர் வந்து, உலர்ந்த மணல் இருந்த உலோகப் பெட்டிக்குள் அதை எடுத்து வைத்தார். இதற்கு அபராதம் போடலாம் என்று எங்கள் ஒப்பந்தத்தில் வரி இருக்கிறது, போடவில்லை. அடுத்த நாளே கருவிகள் பழுதுபார்க்கும் அறையில் ஒரு தனிப் பெட்டி வைத்து, பேட்டரி முனைகளில் டேப் ஒட்டிப் போடச் சொல்லிக் கொடுத்தோம். மின்னணுக் கழிவை எடுக்கும் உரிமம் எங்களுக்கு இல்லை. அதனால் உரிமம் உள்ள வேறொரு நிறுவனத்தை நாங்களே அறிமுகம் செய்துவைத்தோம். போட்டியாளரை உள்ளே விடுகிறாயே என்று எங்கள் பக்கம் சிலர் கேட்டார்கள். நமக்குச் செய்யத் தெரியாததைச் செய்கிறோம் என்று சொல்லி வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பதுதான் அன்றும் இன்றும் என் பதில்.

அறிக்கையில் எந்த எடை

மூன்றாம் மாதம் கிடங்கின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்தார். ஆண்டறிக்கைக்கு, எவ்வளவு கழிவு மறுசுழற்சிக்குப் போனது, எவ்வளவு குப்பைமேட்டுக்குப் போனது என்று தனித்தனியாக வேண்டும். ஜிஆர்ஐ 306 என்ற கழிவு அறிக்கைத் தரத்தின் 2020 பதிப்பு இந்த இரண்டையும் பிரித்தே கேட்கிறது. நாங்கள் அதுவரை கொடுத்து வந்தது ஒரே எண், எங்கள் எடைமேடையில் இறங்கிய மொத்த எடை.

அது "எடுத்த" எடை. "மறுசுழற்சியான" எடை அல்ல. யார்டில் பிரிக்கும்போது ஒரு பங்கு கழிந்து குப்பைக்குப் போகிறது. இரண்டையும் ஒன்றாகக் காட்டும் பழக்கம் எங்கள் தொழிலில் ஊறிப்போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் சட்டத்தைத் திருத்தி, மறுசுழற்சி வேலை நடக்கும் இடத்துக்குள் நுழையும் எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இறுக்கியது இதனால்தான். சரி, நாமும் அப்படியே கொடுப்போம் என்று முடிவெடுத்தேன். எடுத்த எடை, பிரித்தபின் கழிந்த எடை, ஆலைக்குப் போன எடை என மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் எடைச்சீட்டு எண்.

அறிக்கையில் அவர்களின் மறுசுழற்சி விழுக்காடு முந்தைய ஆண்டைவிடக் குறைந்து தெரிந்தது. தலைமை அலுவலகம் சங்கடப்பட்டது. மேலாளர் எனக்காகப் பேசினார் என்று பின்னால் தெரிந்தது. "இவங்க சொல்ற எண்ணைத் தணிக்கையில தைரியமா காட்டலாம்" என்றாராம். மூன்று மாதம் முடிந்ததும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. புது ஒப்பந்தத்தில் அட்டை விலை மாதாமாதம் சந்தை விலைப் பட்டியலோடு ஏறி இறங்கும், ஒரு அளவுக்குக் கீழே போனால் இருதரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். பழைய அட்டை விலை சில மாதங்களில் பாதியாக விழுகிற பொருள். நிலையான விலை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, விழுந்ததும் தரக் கழிவில் கை வைக்கும் ஆசை இந்தத் தொழிலில் யாருக்கும் வரும். அந்த வாசலை அடைத்துவிட்டோம்.

புது வாடிக்கையாளர்கள்

அந்த ஆண்டில் எனக்கு வந்த புது வாடிக்கையாளர்களில் மூன்று இடங்கள் அந்த மேலாளர் சொல்லி வந்தவை. இப்போது புது இடத்துக்கு விற்பனைப் பிரிவோடு நானும் போகிறேன். விலை சொல்லும் முன் ஒரு நாள் கழிவைத் தார்ப்பாயில் கொட்டி, வகை பிரித்து, தொங்கு தராசில் எடை போட்டு, அவர்கள் கண்முன்னே எழுதுகிறோம். எதை எடுப்போம், எதை எடுக்க மாட்டோம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். துப்புரவுக் குழுவின் தலைவரையும் கூப்பிட்டு நிற்க வைக்கிறேன். அவர் இல்லாமல் முடிவான எந்தத் திட்டமும் இரவு ஷிஃப்டில் நிற்பதில்லை.

எல்லாம் கைகூடவும் இல்லை. ஒரு இடத்தில் "நூறு சதவீதம் மறுசுழற்சி" என்று சான்றிதழ் கேட்டார்கள். தர முடியாது என்றேன், மூன்று வரி அறிக்கையைக் காட்டினேன். அவர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். பெரிய இடம், எங்களுக்கு நல்ல வரும்படியாக இருந்திருக்கும். இன்னும் அந்த வழியாகப் போகும்போது மனம் சற்றுக் கனக்கத்தான் செய்கிறது.

கிடங்கிலும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஃபிலிமின் மேல் ஒட்டி வரும் காகித லேபிள்கள். ஃபிலிமை உருக்கும்போது அந்தக் காகித நார் கருகிப் புள்ளி புள்ளியாகி வடிகட்டியை அடைத்துக்கொள்கிறது, அதனால் லேபிள் ஒட்டிய ஃபிலிமுக்குத் தரம் குறைவு. லேபிள் ஒட்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் போடலாமா என்று இரவுக் குழுவோடு முயன்று பார்த்தோம், வேலை நேரம் இடிக்கிறது. சரக்கு அனுப்புகிறவர்களிடமே லேபிளை ஒரு மூலையில் ஒட்டச் சொல்லலாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். அது நடக்குமா என்று பார்க்க வேண்டும்.

போன மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என் கைபேசி அடித்தது. வண்டி அப்போதுதான் யார்டைவிட்டுக் கிளம்பியிருந்தது. மறுமுனையில் அந்த இரவுக் குழுத்தலைவி. "சார், ராத்திரி காத்து மழைல ரெண்டாவது பின் மூடி திறந்துகிடுச்சு. உள்ள நனைஞ்சு போச்சு. படம் அனுப்பியிருக்கேன். அதை இன்னைக்கு எடுக்காதீங்க, காய வெச்சுத் தரோம்."